ஸ்கூல் ஸ்டிரிங் ஆர்கெஸ்ட்ரால சேர்ந்துருக்கீங்களா, முதல் வருஷம் இப்படி பழகுங்க

ஜூன் மாசம் ஸ்கூல் தொறந்ததும் ஒரு கேள்வி எனக்கு வரிசையா வந்துரும். "அக்கா, ஸ்கூல்ல ஸ்டிரிங் ஆர்கெஸ்ட்ரா கிளாஸ் ஆரம்பிக்கிறாங்க, நான் சின்னதுல இருந்து பாட்டு மிஸ்கிட்ட வயலின் கத்துக்கிட்டேன், சேரலாமா, ஈஸியா இருக்குமா"ன்னு. சேருங்க, கண்டிப்பா சேருங்க. ஆனா ஈஸியா இருக்குமான்னா, முதல் ரெண்டு மாசம் இருக்காது. ஏழெட்டு வருஷம் கர்நாடக வயலின் வாசிச்ச பிள்ளை அங்க போய் உக்காந்ததும் "எனக்கு ஒண்ணுமே தெரியலயே"ன்னு கண்ணு கலங்கி வர்றத நான் நிறைய தடவ பாத்துருக்கேன். நானும் அப்படித்தான் வந்தேன். ஸ்கூல்ல மூணு வருஷம் ரெண்டாவது வயலின் வாசிச்சேன், இப்ப மதுரைல தல்லாகுளம் பக்கம் இருந்துக்கிட்டு இந்த மாதிரி பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்குறேன். அதனால யாரும் எனக்கு அப்ப சொல்லாததெல்லாம் இங்க எழுதுறேன். வயலினே தொடாம புதுசா சேர்றவங்களுக்கும் இதுல விஷயம் இருக்கு, ஆனா நம்ம ஊர்ப் பக்கம் பெரும்பாலும் பாட்டு கிளாஸ் வழியாத்தான் வர்றாங்க, அதனால அவங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாவே எழுதிருக்கேன்.

முதல்ல வீட்டுல ஒரு குழப்பம் வரும். நம்ம ஊர்ல ஆர்கெஸ்ட்ரான்னா கல்யாண மண்டபத்துல கீபோர்டு, பேடு எல்லாம் வச்சு சினிமாப் பாட்டு பாடுற குழு. எங்க அம்மாச்சி "படிக்கிற பிள்ள கல்யாணக் கச்சேரிக்கா போகப் போகுது"ன்னு ஒரு வாரம் பேசாம இருந்துச்சு. இது வேற. இதுல வில்லு போட்டு வாசிக்கிற வாத்தியம் மட்டும்தான்: முதல் வயலின், ரெண்டாவது வயலின் (வாத்தியம் ஒண்ணுதான், வாசிக்கிற பகுதிதான் வேற), வயோலா, அப்புறம் கனமான சத்தம் தர்ற பெரிய செல்லோ, அத விடப் பெரிய டபுள் பேஸ். டிரம்ஸ் இல்ல, டிரம்பெட் இல்ல, பாடுறவங்க இல்ல. சினிமாப் பாட்டுல பல்லவி முடிஞ்சதும் பின்னாடி அலை மாதிரி ஒரு வயலின் கூட்டம் எழுந்து வரும்ல, அந்தக் கூட்டத்த மட்டும் தனியா எடுத்து உக்கார வச்சா எப்படி இருக்கும், அதுதான். பக்கத்துல பண்ணைப்புரத்துல பொறந்த இளையராஜாவோட பாட்டக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தச் சத்தம் ஒண்ணும் அந்நியம் இல்ல. சென்னையில ஏ. ஆர். ரகுமான் கே எம் மியூசிக் கன்சர்வேட்டரி வச்சு, வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைங்களயே சேத்து சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரான்னு ஒண்ணு உருவாக்குனாருல்ல, வீட்டுல கேட்டா அத எடுத்துக் காட்டுங்க, உடனே புரிஞ்சுரும்.

சரி, எந்த வாத்தியம் எடுக்குறது. எல்லாருக்கும் முதல் வயலின்தான் வேணும், ஏன்னா மெட்டு அங்கதான் வரும். ரெண்டாவது வயலின்னு போட்டாங்கன்னா "நம்மள ரெண்டாந்தரம்னு ஒதுக்கிட்டாய்ங்க"ன்னு மனசு விட்டுராதீங்க. நான் சொல்றத நம்புங்க, நடுவுல இருக்கிற ரெண்டாவது வயலினும் வயோலாவும்தான் பல இடத்துல பாட்டோட முகத்தையே மாத்துறாங்க. எப்படின்னா, முதல் வயலினுக்கு ப, செல்லோவுக்கு ச வந்துருக்கும்னு வைங்க. ச, ப மட்டும் கேட்டா அது சங்கராபரண ராகமா கரஹரப்பிரியா ராகமான்னு உங்களால சொல்ல முடியாது. நடுவுல காந்தாரம் யாரு கையில இருக்குன்னு பாருங்க, ரெண்டாவது வயலின் இல்லன்னா வயோலா. அந்தர காந்தாரம் வச்சா மொத்த ஹாலும் வெளிச்சமாகும், சாதாரண காந்தாரம் வச்சா அதே ஹால் சோகமாகும். எனக்கு இது புரிஞ்ச அன்னைக்கு, முதல் வயலின் கேட்டு சார்கிட்ட எழுதி வச்சிருந்த லெட்டரக் கிழிச்சுப் போட்டேன்.

கை நீளமா இருக்கிற பிள்ளைங்க வயோலா கேட்டு வாங்குங்க. வயலின விடக் கொஞ்சம் பெருசு, 15 இன்ச், 16 இன்ச்னு இன்ச் கணக்குலதான் சைஸ் சொல்லுவாங்க, வாசிக்க ஆள் குறைவா இருக்கறதால எல்லா ஆர்கெஸ்ட்ராலயும் தேடுவாங்க. வயலின்னா ஒன்பதாவது படிக்கிறவங்களுக்குப் பெரும்பாலும் முழு சைஸ் 4/4 சரியா இருக்கும், கழுத்துல வச்சு கைய நீட்டி, தலைப்பக்கம் இருக்கிற சுருளை உள்ளங்கையால வளைச்சுப் பிடிக்க முடியுதான்னு பாருங்க, எட்டி எட்டிப் பிடிக்கணும்னா 3/4 போதும். செல்லோவும் டபுள் பேஸும் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறது பெரிய வேலை. ஷேர் ஆட்டோல ஏத்த மாட்டாங்க, பஸ்ஸுல கேட்கவே வேணாம், ஸ்கூல்லயே வச்சு பிராக்டிஸ் பண்ண ரூம் குடுப்பாங்களான்னு முதல்லயே கேட்டுட்டு அப்புறம் சரின்னு சொல்லுங்க.

இப்ப சுருதி. கர்நாடகத்துல நம்ம வயலின் நாலு கம்பியும் ச-ப-ச-ப, பாடுறவங்க கட்டைக்கு, அதாவது அவங்க சுருதி உயரத்துக்குத் தக்க ஏத்துவோம் இறக்குவோம். இங்க யாரு வந்தாலும் ஒரே சுருதிதான், வயலின்னா தடிச்ச கம்பியில இருந்து ஜி, டி, ஏ, ஈ. மனப்பாடம் பண்ணாதீங்க, காதால பிடிங்க: பக்கத்துப் பக்கத்துக் கம்பி எந்த ஜோடிய எடுத்தாலும் ச-ப தான். ஜி-ய ச-ன்னு வச்சா டி அதுக்கு ப, டி-ய ச-ன்னு வச்சா ஏ அதுக்கு ப, ஏ-க்கு ஈ ப. வயோலாவும் செல்லோவும் சி, ஜி, டி, ஏ, அதுலயும் இதே கணக்குத்தான். டபுள் பேஸ் மட்டும் ஈ, ஏ, டி, ஜி, அங்க பக்கத்துக் கம்பி ச-ம. எல்லாருக்கும் ஆரம்பம் ஏ, 440 ஹெர்ட்ஸ். நம்ம கணக்குல 6 கட்டை. உங்க போன்ல சுருதிப்பெட்டி ஆப் இருக்கும்ல, அதுல 6 கட்டை வைங்க, வர்ற ச தான் ஏ. 2 கட்டை வச்சா ச வந்து டி, ப வந்து ஏ. இந்த ஒரு விஷயத்த நான் சொன்னதும் பாட்டு கிளாஸ் பிள்ளைங்க முகம் தெளிஞ்சுரும், ஏன்னா அவங்க காது ஏற்கனவே தயாரா இருக்கு, பேருதான் புதுசு.

ஒரே வயலின காலைல பாட்டு கிளாஸுக்கு ஒரு கட்டை, சாயங்காலம் ஆர்கெஸ்ட்ராவுக்கு வேற கட்டைன்னு தினமும் முறுக்காதீங்க. கம்பி ஒரு இடத்துல நிக்காது, கம்பிய முறுக்குற பிரடை வழுக்க ஆரம்பிக்கும், ஈ கம்பி மெல்லிசு, பட்டுன்னு அறுந்து முகத்துல அடிக்கும். முடிஞ்சா ரெண்டு வயலின். முடியலன்னா பாட்டு மிஸ்கிட்ட போய் மரியாதையா கேளுங்க, ஆர்கெஸ்ட்ரா நடக்கிற மாசங்கள்ல டி-ய ச-ன்னு வச்சு, அதாவது 2 கட்டைல, கம்பிய மாத்தாமலே கிளாஸ்ல வாசிக்கலாமான்னு. எங்க மிஸ் முதல்ல முகம் சுளிச்சாங்க, அப்புறம் அவங்களே அதுல எனக்கு ஒரு வர்ணம் சொல்லிக் குடுத்தாங்க.

உக்கார்ற விதம் அடுத்து. தரையில சம்மணம் போட்டு, வலது காலை நீட்டி கணுக்கால்ல சுருளைச் சாய்ச்சு வாசிச்ச உடம்பு இது. நாற்காலிக்கு வந்ததும் வயலின் கீழ விழுந்துருமோன்னு பயந்து இடது கையால அதோட கழுத்த நசுக்கிப் பிடிப்பீங்க, ரெண்டே நாள்ல கட்டைவிரல் அடியில வலி வரும். தோள்ல ஷோல்டர் ரெஸ்ட் மாட்டி, தாடைய மெதுவா சாய்ச்சு, இடது கைய எடுத்துட்டுப் பாருங்க, வயலின் தானா நிக்கணும். நிக்கலன்னா ரெஸ்ட்டோட உயரத்த மாத்துங்க, கழுத்து நீளமா இருக்கிற பிள்ளைக்கு ஒரு உயரம், குட்டைக் கழுத்துக்கு வேற உயரம். நாற்காலியோட முன் விளிம்புல உக்காருங்க, முதுகு சாயக் கூடாது, ரெண்டு பாதமும் தரையில.

இனிமே சொல்லப் போறதுதான் பாட்டு கிளாஸ் பிள்ளைங்களுக்கு ரொம்ப கஷ்டமானது, கமகம். ஒரு ஸ்வரத்த அசைக்காம விட்டா நமக்கு அது மொட்டையா, உயிர் இல்லாத மாதிரி தெரியும், விரல் தானா ஆடும். ஆனா பன்னெண்டு பேரு சேர்ந்து ஒரே ஸ்வரத்த வாசிக்கும்போது ஒருத்தர் மட்டும் கமகம் போட்டா அந்த ஸ்வரமே எல்லாருக்கும் கலங்கிரும். விரலை வச்ச இடத்துல வைங்க. நேரா. வைப்ரட்டோன்னு ஒண்ணு பின்னாடி சொல்லிக் குடுப்பாங்க, அது ஸ்வரத்தச் சுத்தி சின்னதா நடுங்குறது, நம்ம கமகம் மாதிரி அடுத்த ஸ்வரம் வரைக்கும் போய்த் தொட்டுட்டு வர்றது இல்ல. அதுக்கு அவசரப்படாதீங்க.

பழக ஒரு வழி இருக்கு, நம்ம பக்கத்துச் சரக்குதான். முத்துசாமி தீட்சிதரும் அவரு தம்பி பாலுசாமி தீட்சிதரும் சென்னைப் பக்கம் இருந்தப்ப ஆங்கிலேயர் பேண்டு வாசிச்ச மெட்டுங்களக் கேட்டாங்க, அந்த மெட்டுகளுக்கு தீட்சிதர் சமஸ்கிருதத்துல சாகித்யம் போட்டதுதான் நொட்டுஸ்வரம். எல்லாம் சங்கராபரண ஸ்வரத்துல, கமகம் இல்லாம, நேரா போகும். பாலுசாமிதான் வயலின கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவங்கள்ல முக்கியமானவரு, பின்னாடி கோவில்பட்டி பக்கம் எட்டயபுரம் சமஸ்தானத்துல வித்வானா இருந்தவரு. பாட்டு கிளாஸ்ல உங்களுக்கு நொட்டுஸ்வரம் ரெண்டு மூணு சொல்லிக் குடுத்துருப்பாங்க. அத எடுத்து டி-ய ச-ன்னு வச்சு வாசிங்க. வாசிச்சு முடிக்கிறப்ப நீங்க டி மேஜர் ஸ்கேல்ல வாசிச்சுருக்கீங்க, அதுவும் ஆர்கெஸ்ட்ரால கேக்குற மாதிரி நேரா.

இப்ப அந்த டி மேஜர கொஞ்சம் கிட்ட போய்ப் பாப்போம், ஏன்னா முதல் டெர்ம்ல வர்ற பாட்டு பாதி இதுலதான் இருக்கும். டி கம்பிய விரல் வைக்காம இழுங்க, அது ச. முதல் விரல் ரி, ரெண்டாவது விரல் க, மூணாவது ம. ரெண்டும் மூணும் ஒட்டிக்கிட்டு நிக்கணும், மத்த விரலுக்கு நடுவுல இடைவெளி. அப்புறம் ஏ கம்பி விரல் இல்லாம ப, அதுலயும் அதே மாதிரி த, நி, மேல் ச. இப்ப அந்த மேல் ச-ல நில்லுங்க, ஏ கம்பில மூணாவது விரல். வாசிச்சுக்கிட்டே பக்கத்துல சும்மா இருக்கிற டி கம்பியக் கண்ணால பாருங்க. விரல் சரியான இடத்துல இருந்தா, யாரும் தொடாமலே அந்த டி கம்பி மெல்லிசா நடுங்கும், வெயில்ல தார் ரோட்டுக்கு மேல காத்து நெளியுமே அந்த மாதிரி ஓரம் மங்கித் தெரியும். விரலை ஒரு நூல் அளவு தள்ளுங்க, நின்னுரும். திரும்பக் கொண்டுவாங்க, திரும்ப நடுங்கும். டி கம்பில மூணாவது விரல் வச்சா ஜி கம்பி இப்படி ஆடும். டியூனர் ஆப்ப உத்துப் பாக்குறத விட இது பெரிய வாத்தியார். ஒரு வாரம் இத மட்டும் பண்ணாக்கூட போதும்னு சொல்லுவேன்.

நொட்டேஷன் படிக்கிறதப் பத்தி ரொம்ப பயப்பட வேணாம். அஞ்சு கோடு, நாலு இடைவெளி. முதல்ல நாலு காலிக் கம்பி எங்க உக்காந்துருக்குன்னு மட்டும் பிடிங்க. வயலின் கிளெஃப்ல (கிளெஃப்னா எந்தக் கோட்டுல எந்த ஸ்வரம்னு காட்ட வரி ஆரம்பத்துல போடுற குறி) மேல இருந்து முதல் இடைவெளில ஈ, கீழ இருந்து ரெண்டாவது இடைவெளில ஏ, கடைசிக் கோட்டுக்கு அடியில ஒட்டி டி, அதுக்கும் கீழ ரெண்டு குட்டிக் கோடு போட்டு அதுக்கு அடியில ஜி. அதுல இருந்து ஒவ்வொரு விரலுக்கும் ஒரு படி ஏறும், அவ்வளவுதான். பிள்ளைங்க நிறைய பேர் எல்லா நோட்டுக்கும் மேல ஸ ரி க ம எழுதிருவாய்ங்க. வேணாம், கண்ணு எழுத்த மட்டும் பாக்கும், கோட்டைப் பாக்கவே பாக்காது, அடுத்த பாட்டு வேற ஸ்கேல்ல வந்தா எல்லாம் ஆட்டம் கண்டுரும். தடுக்குற இடத்துல மட்டும் விரல் நம்பர் எழுதிக்கோங்க. வயோலாக்காரங்களுக்கு ஆல்டோ கிளெஃப், அதுல நடுக் கோடுதான் சி, ஏற்கனவே வயலின் கிளெஃப் படிச்சவங்களுக்கு ஒரு மாசம் தலை சுத்தும், அப்புறம் சரியாயிரும்.

வில்லு. இங்கதான் ஆர்கெஸ்ட்ரா வேற உலகம். தனியா வாசிக்கும்போது வில்லு எங்கிட்டு போனா என்ன, சாகித்யத்துக்குத் தக்க இழுத்துக்குவோம், ஒரே இழுப்புல எட்டு ஸ்வரம் வரும். இங்க ஒரு பிரிவுல இருக்கிற எல்லாரோட வில்லும் ஒரே பக்கம் போகணும், ஒரே நேரத்துல திரும்பணும், வில்லோட எந்தப் பகுதியில வாசிக்கிறதுன்னுகூட ஒண்ணா இருக்கணும். பாக்க அழகுக்காக மட்டும் இல்ல. கீழ இழுக்கும்போது கை எடையால சத்தம் கொஞ்சம் அழுத்தமா வரும், மேல தள்ளும்போது லேசா வரும், அதனால பாதிப் பேரு கீழயும் பாதிப் பேரு மேலயும் போனா அழுத்தம் எங்க விழுதுன்னே தெரியாம பாட்டு கஞ்சி மாதிரி ஆயிரும். நோட்டுக்கு மேல அடிப்பக்கம் இல்லாத பெட்டி மாதிரி குறி இருந்தா கீழ இழுப்பு, வி மாதிரி இருந்தா மேல தள்ளு. முன் வரிசைல உக்கார்றவங்க வில்லு திசை முடிவு பண்ணுவாங்க, அது பின் வரிசை வரைக்கும் வரும், வந்ததும் உடனே பென்சில்ல குறிச்சுருங்க, மனசுல வச்சுக்கிறேன்னு சொல்லாதீங்க.

எங்க ஆண்டு விழால நடந்தது ஒண்ணு. ஒத்திகைக்கு முந்தின நாள் ஒரு இடத்துல வில்லு திசைய மாத்துனாங்க, நான் அன்னைக்குப் பென்சில் கொண்டு போகல. மேடைல அந்த இடம் வந்துச்சு, பதினோரு வில்லு கீழ போச்சு, என்னோடது மட்டும் மேல போய் பக்கத்துப் பிள்ளை முழங்கையில இடிச்சு, அவளுக்கும் தப்பிருச்சு. சத்தத்துல யாரும் கவனிக்கலன்னு சொன்னாங்க, ஆனா எங்க அப்பா ஹால்ல உக்காந்து பாத்துருக்காரு. அன்னையில இருந்து வயலின் பெட்டில ரெண்டு பென்சில் இருக்கும், எனக்கு ஒண்ணு, மறந்துட்டு வர்ற பக்கத்துப் பிள்ளைக்கு ஒண்ணு.

பக்கத்துப் பிள்ளைன்னதும் ஞாபகம் வருது, ஒரு ஸ்டாண்டுக்கு ரெண்டு பேரு உக்காருவீங்க. ஆடியன்ஸ் பக்கம் இருக்கிறவரு வெளிய, அடுத்தவரு உள்ள. பக்கம் திருப்புறது உள்ள இருக்கிறவரு வேலை, அப்ப வெளிய இருக்கிறவரு நிறுத்தாம வாசிக்கணும். ஒரே வரில ரெண்டு நோட்டு ஒண்ணுக்கு மேல ஒண்ணு இருந்து டிவிசின்னு போட்டுருந்தா பொதுவா மேல் நோட்டு வெளிய இருக்கிறவருக்கு, கீழ் நோட்டு உள்ள இருக்கிறவருக்கு. நம்ம ஊர் கிளாஸ் ரூம்ல இன்னொரு சிக்கல், மேல ஃபேன். போட்டா பேப்பர் பறக்கும், நிறுத்துனா வேர்வைல கை வழுக்கும். துணி காயப் போடுற கிளிப் நாலு பையில வச்சுக்கோங்க, ஸ்டாண்டோட ரெண்டு பக்கமும் மாட்டுங்க, திருப்ப வேண்டிய பக்கத்துக்கு மட்டும் வாசிக்கிறதுக்கு முன்னாடி கழட்டி வைங்க.

கண்டக்டரப் பாக்கணும்னு எல்லாரும் சொல்லுவாங்க, எதப் பாக்கணும்னு சொல்ல மாட்டாங்க. அவரு கை முதல்ல மேல போகும், அப்புறம் கீழ விழும். விழுற இடத்துலதான் முதல் அடி, ஆனா வேகம் என்னன்னு அந்த மேல போற கையிலயே இருக்கு, கை மேல போற நேரம் எவ்வளவோ ஒரு அடிக்கு அவ்வளவு நேரம். அதனால கை தூக்குறப்பவே அவரோட சேர்ந்து மூச்ச இழுங்க, வில்லக் கம்பில வச்சுருங்க. நாலு அடின்னா கை கீழ, உள்ள, வெளிய, மேல. மூணு அடின்னா கீழ, வெளிய, மேல. ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம் போட்ட பிள்ளைங்களுக்கு நாலு நாலா எண்ணுறது கஷ்டமே இல்ல. ஆனா தாளத்த நீங்க போடக் கூடாது. காலால தட்டாதீங்க, முப்பது பேரு தட்டுனா முப்பது தாளம் கேக்கும். ஷூவுக்குள்ள பெருவிரலை மட்டும் அசைச்சுக்கோங்க, போதும்.

வாசிக்காம இருக்கிற இடம் வரும், ரெஸ்ட். பாட்ட நேர் கோடு போட்டு கட்டம் கட்டமா பிரிச்சிருப்பாங்க, ஒரு கட்டம்தான் ஒரு பார். பன்னெண்டு பார் சும்மா இரு, பதினாறு பார் சும்மா இருன்னு இருக்கும், அப்ப அங்கிட்டு இங்கிட்டு பாத்துட்டு கணக்கு விட்டுப் போயிரும். ஒவ்வொரு பாரோட முதல் அடிய மட்டும் பார் நம்பரா எண்ணுங்க, ஒண்ணு ரெண்டு மூணு நாலு, ரெண்டு ரெண்டு மூணு நாலு, மூணு ரெண்டு மூணு நாலுன்னு. அதோட, நீங்க உள்ள வர்றதுக்கு ரெண்டு பார் முன்னாடி யாரு என்ன வாசிக்கிறாங்கன்னு கேட்டு வச்சு பென்சில்ல எழுதுங்க, "செல்லோ இறங்குது, அப்புறம் நாம"ன்னு. இதுக்கு நேர் எதிரா செல்லோக்காரங்களுக்கு ரெஸ்டே இருக்காது. பாகெல்பெல் எழுதுன கானன் நிறைய ஸ்கூல்ல வாசிக்கிறாங்க, அதோட மூல வடிவத்துல செல்லோ அதே எட்டு ஸ்வரத்த 28 தடவ வாசிக்கும். போர் அடிக்குதுன்னு எங்க செல்லோத் தம்பி ஒருத்தன் ஆரம்பத்துல அழுதான். அவன ஒரு நாள் நிறுத்தச் சொல்லிட்டு மத்தவங்கள வாசிக்கச் சொன்னேன், நாலாவது தடவையே எல்லாரும் தடுமாறுனாங்க, அவன் சேர்ந்ததும் எல்லாம் வந்து உக்காந்துச்சு. அவன் அதுக்கப்புறம் ஒரு வார்த்தை சொல்லல.

இதெல்லாத்துக்கும் அடியில இருக்கிறது ஒண்ணுதான். வாசிக்கும்போது உங்க சத்தத்த விட பக்கத்துல இருக்கிறவங்க சத்தம் உங்களுக்குக் கூடக் கேக்கணும். உங்களோடது மட்டும் பெருசா கேட்டா நீங்க அழுத்துறீங்க, இல்லன்னா முந்துறீங்க, இல்லன்னா சுருதி விலகிருக்கு. பாட்டு கிளாஸ்ல மேடையேத்துறதே "தனியா எடுத்துத் தெரியணும்"னுதான, அதுல பரிசு வாங்கின பிள்ளைக்கு இத ஏத்துக்க மனசு வலிக்கும், எனக்கும் வலிச்சுச்சு. ஒரு நாள் நம்ம வயலின் சத்தம் எங்க முடியுது, பக்கத்துப் பிள்ளையோடது எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியாம ஒரே கம்பி மாதிரி இழையும், கை மயிர் எழுந்து நிக்கும், அது வர்ற வரைக்கும் விடாதீங்க.

வீட்டுல பிராக்டிஸ் தினமும் இருபது நிமிஷம் போதும், ஆனா தினமும். அஞ்சு நிமிஷம் சுருதி ஆப்ல 2 கட்டை போட்டு காலிக் கம்பியும் டி மேஜரும், வில்லு கோணாம கண்ணாடி முன்னாடி நின்னு. மிச்ச நேரம் ஆர்கெஸ்ட்ரா பாட்டுல வராத ரெண்டு வரி மட்டும். முழுப் பாட்டையும் ஆரம்பத்துல இருந்து வாசிச்சு, தப்பு வந்தா மறுபடி ஆரம்பத்துக்குப் போறது வீண் வேலை, முதல் வரிதான் நல்லா வரும். பத்தாவது, பிளஸ் டூ பிள்ளைங்களுக்கு மார்ச்ல பப்ளிக் எக்ஸாம் இருக்கு, வீட்டுல ஜனவரிலயே வயலின எடுத்து பரண்ல வச்சுருவாங்க. சார்கிட்ட முன்கூட்டியே சொல்லி ஜனவரில இருந்து வாரம் ஒரு நாள்னு ஆக்கிக்கோங்க, மொத்தமா நிறுத்துனா விரல் நுனில தோல் காய்ச்சிருந்தது போயிரும், ஏப்ரல்ல முதல்ல இருந்து வலிக்கும். சித்திரைத் திருவிழா சமயம் எங்க பக்கம் அழகர வரவேற்கிற எதிர்சேவைக் கூட்டத்துல பஸ்ஸே ஓடாது, அந்த வாரம் ஒத்திகை வைக்க வேணாம்னு மாணவர்களே பேசி முடிவு பண்ணிக்கிறது நல்லது.

வெயில். மதுரை வெயில்ல வயலின் படுற பாட்ட யாரும் சொல்றதில்ல. பலகைங்கள ஒட்டியிருக்கிறது பசை, சூட்டுல இளகி ஓரம் பிளந்துக்கும். கார்லயோ, ஸ்கூல் வேன்லயோ, மொட்டை மாடி ரூம்லயோ விட்டுட்டுப் போகவே போகாதீங்க. நான் மே மாசம் ஒரு நாள் பூட்டின கார்ல ரெண்டு மணி நேரம் விட்டேன், வில்லு முடில தேய்க்கிற ரோசின் உருகி பெட்டித் துணில ஒட்டி, வயலின் கீழ்ப் பக்க ஓரம் நகம் போற அளவு திறந்துருச்சு. வாசிச்சு முடிச்சதும் வில்லோட திருகாணியத் தளர்த்துங்க, முடியும் குச்சியும் கிட்டத்தட்ட ஒட்டுற வரைக்கும். வாசிக்கும்போது நடுவுல ஒரு பென்சில் நுழையுற இடைவெளி இருந்தா சரி. வில்லு முடிய விரலால தொடாதீங்க, கை எண்ணெய் பட்டா பிடிக்காது. ரோசின் தினமும் மூணு நாலு இழுப்பு போதும், பவுடர் பறக்குற அளவு தேய்க்கிறது தப்பு. பழைய வேட்டித் துணி ஒரு துண்டு வச்சு கம்பி மேலயும் பலகை மேலயும் இருக்கிற வெள்ளைப் பொடியத் துடைங்க, கழுத்து வேர்வையத் துடைக்கிறதுக்கு வேற துணி. கம்பிகளத் தாங்கி நிக்கிற குதிரை முன்னாடி சாஞ்சுக்கிட்டே வருதான்னு வாரம் ஒரு தடவ பக்கவாட்டுல இருந்து பாருங்க, சுருதி ஏத்தும்போது கம்பி அத இழுக்கும். சாஞ்சிருந்தா நீங்களே வேகமா நிமித்தாதீங்க, சார்கிட்டயோ மிஸ்கிட்டயோ குடுத்துருங்க, குதிரை சாஞ்சு விழுந்தா உள்ள நிக்கிற குச்சியும் விழுந்துரும்.

நிகழ்ச்சி அன்னைக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போங்க. வெளிய வெயிலு, உள்ள ஏசி, பெட்டியத் திறந்து அரை மணி நேரம் விட்டு அப்புறம் சுருதி சேருங்க, முன்னாடியே சேத்தா மேடைல சுருதி விலகிருக்கும். மேடைல ஏ குடுத்ததும் எல்லாரும் ஒரே நேரத்துல சத்தமா உரசக் கூடாது, முதல்ல கேளுங்க, அப்புறம் மெதுவா சேருங்க. சேர்ந்ததும் நிறுத்திருங்க, பாட்ட ஒரு தடவ வாசிச்சுப் பாத்துக்கிறேன்னு ஆரம்பிக்காதீங்க. நடுவுல தப்பு வந்தா முகத்துல காட்டாம, வில்ல பக்கத்துல இருக்கிறவங்களோட ஓட்டிக்கிட்டே, அடுத்த பார்ல ஏறிக்கோங்க. ஈ கம்பி அறுந்தா பதறாதீங்க, மத்த கம்பில எட்டுறத வாசிங்க, எட்டாததுக்குச் சும்மா இருங்க.

எல்லாம் முடிஞ்சு வருஷக் கடைசில பேப்பர்களத் திரும்பக் குடுக்கச் சொல்லுவாங்க. கிழிஞ்ச ஓரத்துக்கு டேப் ஒட்டிக் குடுங்க. பென்சில் குறிகள அழிக்கிற பழக்கம் எங்க ஸ்கூல்ல இருந்துச்சு, சுத்தமா குடுக்கணும்னு. வில்லுக் குறியும் "செல்லோ இறங்குது, அப்புறம் நாம"வும் அப்படியே இருக்கட்டும். எனக்கு முதல் வருஷம் வந்த ரெண்டாவது வயலின் பேப்பர்ல, கஷ்டமான ஒரு திருப்பத்துக்கு மேல யாரோ ஒரு அக்கா பென்சில்ல "பயப்படாத, மூணாவது விரலை முன்னாடியே வச்சுக்கோ"ன்னு எழுதிருந்தாங்க. யாருன்னு கடைசி வரைக்கும் தெரியல. மூணாவது விரலை முன்னாடியே வச்சேன், வந்துச்சு.